இன்னொரு டேக்

எங்கள் சமையலறையில் காலை நேரத்தில் விளக்கு எதுவும் வைக்கத் தேவையில்லை. ஜன்னல் மேற்குப் பார்த்தது. எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பி வரும் வெயில், மேசையருகே உட்காருகிறவரின் முகத்தில் ஒரு பக்கமாக மெதுவாக விழும். பல்கலைக்கழக ஸ்டூடியோவில் அரை நாள் மல்லுக்கட்டினாலும் அந்த வெளிச்சம் வராது. அப்பாவை ஏன் எப்போதும் அந்த நாற்காலியிலேயே உட்கார வைத்தேன் என்று அத்தை உங்களிடம் கேட்டாராம். காரணம் இவ்வளவுதான், மேடம்.

நான் டிஜிட்டல் சினிமாவும் புகைப்படமும் படிக்கிறேன். கடைசி ஆண்டு. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். அம்மா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். போன ஆண்டு ஒரு மத்தியானம், அலமாரியில் மருந்து அடுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள், எழுந்திருக்கவில்லை. நான் அப்போது வகுப்புப் படப்பிடிப்புக்காக வெளியூர் போயிருந்தேன். போனை அணைத்து வைத்திருந்தேன். நான் வீடு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அழ ஆரம்பித்தபோது வீட்டில் மற்றவர்கள் அழுது முடித்திருந்தார்கள்.

அப்பாவுக்கு மறதி அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. அம்மா போனபின் கிடுகிடுவென்று கூடியது. தினமும் காலையில் மேசைக்கு வந்ததும் கேட்பார், "அம்மா இன்னும் வரலையா பாப்பா?" அப்பாவின் தங்கையான அத்தைதான் டாக்டரிடம் பேசி, ஒரு பதிலை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். "கடைக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க." அது போதும். தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடிப்பார். பிறகு நாள் முழுக்க வாசல் பக்கம் காது வைத்தபடி நிம்மதியாக இருப்பார். நான் பள்ளிக்கூடம் போகிறேனா, கல்லூரிக்குப் போகிறேனா என்பதெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லை. என்னைப் பற்றி அவர் எதுவும் கேட்பதில்லை. அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

முதல் தடவை நடந்தது வேண்டுமென்று செய்ததல்ல. துறையிலிருந்து புதுக் கேமரா ஒன்றை வாங்கி வந்து, மேசை முனையில் நிறுத்தி, அதன் செட்டிங்குகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வழக்கம்போலக் கேட்டார். நான் நிமிராமலே சொன்னேன், "அம்மா செத்துட்டாங்கப்பா."

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

அவர் கையிலிருந்த டம்ளரை, உடைந்துவிடும் என்பதுபோல, மெதுவாகக் கீழே வைத்தார். "எப்போ?" என்றார். பிறகு எழுந்து வந்து என் தலையை இழுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டார். "நீ தனியா எப்படிம்மா தாங்குன? சாப்பிட்டியா?" இரண்டு பேரும் அழுதோம். சற்று நேரத்தில் அவர் கை தளர்ந்தது. முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார், "ஏன் பாப்பா என் கண்ணு ஈரமா இருக்கு?" டீ ஆறிவிட்டதென்று குறைபட்டுக்கொண்டார்.

வகுப்பில் அதைப் போட்டுக் காட்டினேன். எங்கள் பேராசிரியர் லேசில் எதையும் மெச்சாதவர். அவரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சொன்னார், "ஃபோகஸ் பின்னாடி இருக்கற திரைச்சீலைல விழுந்திருக்கு. முகம் கலங்கலா இருக்கு. என்ன பண்றது, இதையெல்லாம் இன்னொரு தடவை எடுக்க முடியாதே."

மற்றவர்கள் வீட்டில் எடுக்க முடியாதுதான்.

அடுத்த தடவை முகத்தில் ஃபோகஸ் சரியாக இருந்தது, ஆனால் அவர் எழுந்து வந்தபோது தலை ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது. அதற்கு அடுத்ததில் ஒலி சரியில்லை. அதனால் என் வகுப்புத் தோழனைக் கூட்டிவந்தேன். ஒலிப்பதிவு அவன் வேலை, மைக்கு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவன் அப்பாவின் சட்டையில் சின்ன மைக்கைக் குத்தினான். ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டால், நான் அந்த வார்த்தையைச் சொன்னதும் அவருடைய நெஞ்சு தடதடவென்று அடிப்பது கேட்டது. நல்ல ஒலி அது. படத்தில் நான் அதை அப்படியே வைத்தேன்.

சில நாள் வந்தபின் மைக்கு ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்தான். "இன்னிக்கு வேணாம். பாவம், அவர விட்டுடு."

"அவருக்கு எதுவும் ஞாபகம் இருக்காதுடா."

"எனக்கு இருக்கே."

அவன் பிறகு வரவில்லை. அவன்மேல் எனக்குக் கோபமில்லை. ஒலிப்பதிவுக்காரர்கள் கொஞ்சம் மென்மையானவர்கள், எல்லாவற்றையும் காதுக்குள்ளேயே வாங்கிக்கொள்கிறார்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். வலி என்றால் அது நினைவில் நிற்க வேண்டும். பத்து மணிக்கு மறந்துபோகிற ஒன்றால் யாருக்கு என்ன கெடுதல்? தினமும் பல் துலக்கும்போது ஈறு வலிப்பதில்லையா, அதுமாதிரிதான்.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. அப்பாவின் தலைக்குத் தெரியாதது உடம்புக்குத் தெரிந்திருந்தது. கேமராவின் முக்காலியை விரித்தாலே வாசற்படியில் நின்றுவிடுவார். "அங்க உக்காரணுமா பாப்பா?" என்று கேட்பார். ஏன் பயமென்று அவருக்கே தெரியாது. கையைப் பிடித்து நடத்திக்கொண்டுபோய் உட்கார வைத்தால் உட்காருவார். சொன்ன பேச்சுக் கேட்கிற மனிதர். ஆனால் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். டீயைப் பார்த்தபடி வாயை இறுக்கி மூடிக்கொண்டிருப்பார்.

அவர் கேட்டால்தானே நான் பதில் சொல்ல முடியும்.

அம்மாவின் மருந்துக்கடைக் கோட்டு, நீல நிறம், அலமாரியில் மடித்து வைத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்டேன். அவள் மாதிரியே முடியைத் தூக்கிக் கொண்டை போட்டேன். நான் சமையலறைக்குள் போனதும் அப்பாவின் முகம் விரிந்ததே, அப்படி ஒரு சந்தோஷத்தை என் சிறுவயதில்கூட நான் பார்த்ததில்லை. "வந்துட்டியா? எவ்வளவு நேரமா பாத்துட்டு இருக்கேன்" என்று நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார். நான் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

நீங்கள் தண்ணீர் குடிக்கலாம் மேடம். நான் காத்திருக்கிறேன்.

படம் முடிந்து திரையிடப்பட்டபோது அரங்கத்தில் பெரியவர்கள் தேம்பினார்கள். முதல் பரிசு கிடைத்தது. பேராசிரியர் என் தோளைத் தட்டி, "அந்த ஒரு கணத்தைப் பிடிச்ச பாரு, அது அதிர்ஷ்டம்மா" என்றார். அத்தையும் வந்திருந்தார். முன்வரிசையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அது ஒரே ஒரு தடவை தவறிப்போய் நடந்தது என்று அவரும் நம்பினார். எத்தனை தடவை என்று மைக்கு பிறகுதான் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான்.

அப்பா இறந்தது திரையிடலுக்கு இரண்டு மாதம் கழித்து. அதே நாற்காலி, அதே வெளிச்சம், நான் நீலக் கோட்டில். சொன்னேன். அவர் எழுந்து வந்து என்னை அணைத்துக்கொண்டார். "தனியா எப்படிம்மா தாங்குன? சாப்பிட்டியா?" என்றார். சாப்பிடவில்லை என்றேன். அவர் கை தளர்ந்தது. வழக்கம்போல மறந்துவிட்டார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார வைத்தேன். தலை ஒருபக்கம் சாய்ந்திருந்தது. "கேளுங்கப்பா, இன்னொரு தடவை அம்மா எங்கன்னு கேளுங்க" என்றேன். பல தடவை சொன்னேன். ஆம்புலன்சுக்குத் தாமதமாகத்தான் போன் செய்தேன், அது உண்மை.

படத்துக்காகப் பெற்ற தகப்பனைக் கொன்றவள் என்று அத்தை புகார் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னீர்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. அன்றைய பதிவைத் தேடி உங்கள் ஆட்கள் என் அறையைப் புரட்டிப் போட்டிருக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு வீண் அலைச்சல். திரையிடலுக்குப் பிறகு எந்த நாளின் பதிவும் கிடைக்காது. தினமும் முக்காலி மட்டும்தான் நின்றது. கேமராவை நான் எப்போதோ துறையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.