டாங்கியின் அடித்தண்ணீர்

நுவரெலியாப் பக்கம் துவைத்த சட்டை காய மூன்று நாளாகும். அதனால் என்னிடம் நாலு யூனிபோர்ம் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஊர்க் காற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று முதலில் உங்களுக்கு விளங்க வேண்டும் ஐயா. பாக்கியெல்லாம் அந்தத் தண்ணீரால் வந்ததுதான்.

நான் வேலை செய்த ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஒக்சிஜன் செய்கிற மிஷின் அறை. 2006இல் மிஷினைக் கொண்டுவந்து பூட்டினார்கள். பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள். கம்பிரஸர் வெளிக்காற்றை இழுத்து நெருக்கி ஒரு டாங்கிக்குள் தள்ளும். அங்கிருந்து இரண்டு உயரமான தூண்களுக்குப் போகும். தூணுக்குள்ளே சவ்வரிசி மாதிரி வெள்ளை மணிகள். அவை காற்றில் மற்றதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒக்சிஜனை விடும். அது குழாய் வழியாக நோயாளிகள் கிடக்கிற வாட்டுக்குப் போகும். மீற்றர் முள் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்றில் நின்றால் நல்ல ஒக்சிஜன். அந்த மணிகளுக்கு ஆகாதது தண்ணீர் ஒன்றுதான். ஊறினால் வேலை செய்யாது.

நெருக்கிய காற்றிலிருந்து கழன்ற தண்ணீர் டாங்கியின் அடியில் தங்கும். அது தானாக வெளியேற ஒரு வால்வு உண்டு. 2008 ஜூனில் அது பழுதாகிவிட்டது. மாதம் ஒருமுறை கண்டியிலிருந்து வருகிற இன்ஜினியர் ஜெயரத்தினம் சார், யாழ்ப்பாணத்துக்காரர், கழற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, புது வால்வு வர ரெண்டு மூண்டு கிழமை செல்லும். அதுவரைக்கும் காலமையும் பின்னேரமும் கீழ் மூடியைக் கையாலை திறந்து தண்ணியை வடிச்சுப்போடும். மறந்திடாதையும், என்ன?"

நான் மறக்கவில்லை. அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் திறந்தேன். எண்ணெயும் துருவும் கலந்து, திரிந்துபோன பால்தேத்தண்ணி நிறத்தில், கொழகொழவென்று முழங்கைவரை வழிந்தது. சீறி உதட்டிலும் தெறித்தது. தேங்கிய வாய்க்கால் நாற்றம். எனக்கு அது புதிதில்லை. என் அப்பா மூக்கன் லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் வாசக்கூட்டி. தொழிலாளர் குடியிருக்கிற லயத்துக் கக்கூஸும் சாக்கடைக் கானும் அவர் அள்ளியதுதான். பதினாறு வயதுவரை நானும் கூடப் போய் அள்ளினேன். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் ஒருத்தனும் உட்கார மாட்டான். இனி அழுக்குத் தண்ணீரில் கை வைப்பதில்லை என்றுதான் ஹட்டனுக்குப் போய்த் தொழில் படித்தேன்.

அன்றைக்கு நாலு தரம் சவர்க்காரம் போட்டேன். அப்படியும் சோற்றில் கை வைக்க முடியவில்லை. மறுநாளிலிருந்து மூடியைத் திறக்கவில்லை. பதிவுப் புத்தகத்தில் மட்டும் காலை, மாலை என்று சரி அடையாளம் போட்டு வந்தேன்.

ஒன்பதாம் நாள் முள் எண்பத்தொன்றுக்கு இறங்கியது. அலாரம் கத்தியது, அணைத்தேன். பன்னிரண்டாம் நாள் அறுபத்தெட்டு. அப்போது கண்டிக்குச் சொல்லியிருக்கலாம். ஏன் வடிக்கவில்லை என்று கேட்பார்கள். அருவருப்பு என்று சொன்னால், வாசக்கூட்டி மகனுக்கு என்ன அருவருப்பு என்பார்கள். மீற்றருக்குப் பின்னால் அளவு சரிசெய்கிற திருகு ஒன்று உண்டு. அதைத் திருப்பி முள்ளைத் தொண்ணூற்று மூன்றுக்கு ஏற்றினேன். அதற்குப் பிறகு அலாரம் கத்தவில்லை.

இரண்டு நாள் கழித்து வாட்டுக்கு ராக்காயி வந்தார். கொழுந்து பறித்த அம்மா, அறுபது வயது, நெஞ்சுச் சளி. அவர் இழுக்கிற இழுப்பு வராந்தாவரை கேட்கும். கடைவாயில் கோழை நூலாகத் தொங்கும். குழாய் மூட்டைப் பார்க்கப் போன என்னை உற்றுப் பார்த்துவிட்டு, முகமூடியைத் தூக்கிக்கொண்டு சொன்னார்:

"நீ மூக்கண்ணே மகன் அழகுமுத்துதானேய்யா? ஒங்கப்பன் மட்டும் கான் அள்ளலேன்னா எங்க லயமே நாறிப்போயிருக்கும். தங்கமான மனுசன்."

அடுத்த கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் தனுஜா, பேசாம படும்மா என்று முகமூடியை மாட்டிவிட்டாள். ஆள் மாறிச் சொல்கிறீர்கள் என்று நான் வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் தாதி நாகலெட்சுமி மிஷின் அறைக்கே வந்தாள். "அண்ணே, வாட்டு சின்னச் சிலிண்டர்ல குடுத்தா அந்தம்மாவுக்கு மொகம் தெளியுது. குழாய்ல மாட்டுனா ஒதடு நீலமாவுது. சிலிண்டரும் முடிஞ்சிருச்சு. ஒங்க மிசினை ஒருக்கா பாருங்களேன்."

நான் முள்ளைக் காட்டினேன்.

"மிசினு சொகமாத்தான் இருக்கு. மனுசருக்குத்தான் வருத்தம் போல," என்றாள். பிறகு என்னிடமிருந்த ஸ்டோர் சாவியைக் கேட்டாள். ஸ்டோரில் ஆறு பெரிய சிலிண்டர் நிறைந்து நின்றது. டொக்டர் எழுதித் தந்தால் திறக்கிறேன் என்றேன். டொக்டர் வந்து மீற்றரைப் பார்த்தார். எழுதவில்லை.

மறுநாள் மத்தியானம் ராக்காயி செத்துப்போனார்.

அதிலிருந்து நாலாம் நாள் ஜெயரத்தினம் சார் புது வால்வோடும் கைமீற்றரோடும் வந்தார். குழாய் வாயில் பிடித்தார். ஐம்பத்திரண்டு. குனிந்து டாங்கி மூடியைத் திறந்தார். கறுப்பாகக் கொட்டி அவர் சப்பாத்தெல்லாம் நனைந்தது. படித்த மனுஷன், அந்தக் கையை வெள்ளைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். எனக்கு அவரைப் பார்க்கவே குமட்டியது.

தன் அம்மா என்னை அடையாளம் சொன்னதற்காக அவரை நான் கொன்றேன் என்று தனுஜா சொல்கிறாளாம். அது சரியில்லை. அவர் வருவதற்கு முன்பே திருகைத் திருப்பியாயிற்று. அவருக்கு முந்தின நாட்களில் கந்தப்பன் என்ற பெரியவரும் பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒரு கைப்பிள்ளையும் அதே குழாயில் கிடந்துதான் செத்தார்கள். அவர்கள் என்னை யாரென்று கேட்டதுகூட இல்லை. மூன்று பேருக்கும் மூச்சுக்குப் போதாத காற்றைத்தான் விடுகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் விட்டேன். அம்மா பேசிய பிறகு செய்தது ஒன்றே ஒன்று, சாவி கொடுக்காதது.

மற்றபடி எனக்கு யார் மேலும் பகை கிடையாது. வாசித்துக் காட்ட வேண்டாம், கையெழுத்துப் போடுகிறேன். சின்ன உதவி மட்டும் ஐயா. இங்கே விளக்கமறியலில் கக்கூஸ் கழுவ முறை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை என் முறையாம். நான் டெக்னிசியன் என்று ஜெயிலர் ஐயாவிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.