மேகராஜாவுக்கு வந்த கடிதம்

எனக்கு உரக்க வாசிக்க நன்றாக வரும். ஒரு பதிப்பகத்தில் முப்பது வருடம் மெய்ப்புப் பார்த்தேன். மூலத்தை நான் வாசிப்பேன், எதிரே இருப்பவர் அச்சைத் திருத்துவார். ஒரு கமாவைக்கூட விட்டதில்லை.

அதனால்தான் தங்கை வாசித்துக் காட்டும் வேலையை என்னிடம் கொடுத்தாள். கம்ப்யூட்டரில் ஒரு காதல் கதை செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தாள். படத்தையும் வசனத்தையும் பார்த்துக்கொண்டே போய், நடுவில் மூன்று இடத்தில் நாம் முடிவெடுக்க வேண்டும். விஷுவல் நாவல் என்கிறார்கள். மொத்தமே நாற்பது நிமிடம். அலுவலக லிஃப்டில் ஏறும் ஒருத்தி கடைசி மாடியையும் தாண்டி மேகத்துக்குள் போய்விடுகிறாள். அங்கே ஒரு ராஜா. அவன் இடுப்பில் ஸ்பேனர்.

கதை வெளியான வாரமே, நோய்க்கு எடுத்துக்கொண்ட சிகிச்சையில் அவளுக்குக் கண் மங்கிவிட்டது. என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கதையை விளையாடியவர்கள் இணையத்தில் எழுதுவதைத் தினமும் காலையில் நான் வாசித்துக் காட்டுவேன்.

முதலில் சிறிய திருத்தங்கள்தான். கதாநாயகிக்கு ஓர் அக்கா உண்டு. நான்கு வசனம் பேசி, ஸ்வெட்டரை நீட்டிவிட்டுப் போவாள். "அந்த அக்காவைத் தாண்டிப் போக பட்டன் எங்கே?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று வாசித்தேன். தங்கைக்கு ஒரே சிரிப்பு. அக்காவுக்கு இரண்டு காட்சி கூட்டினாள். அவள் சொல்லச் சொல்ல நானே தட்டச்சு செய்தேன். பாத்திரம் நன்றாக வந்தது.

அவள் காத்திருந்தது வேறொன்றுக்கு.

"ராஜா இடுப்புல ஸ்பேனர் எதுக்குன்னு யாராச்சும் கேட்டாங்களாக்கா?"

"கேக்கலடி."

"ஒருத்தர் கூடவா?"

"பின்னணி இசை சத்தமா இருக்குன்னு ரெண்டு பேர் சொல்லியிருக்காங்க."

அவளுடைய பழைய அலுவலகத்தில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் இருந்தான். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு ஊர் மாறிப் போனவன், விலாசம் கிடையாது. எங்காவது அவன் கண்ணில் படட்டும் என்றுதான் கதையை இலவசமாகப் போட்டாள். இதை என்னிடம் அவளே சொன்னாள்.

பட்டது. இரண்டாவது வாரமே எழுதினான். "அன்றைக்கு எட்டாவது மாடியில் லிஃப்ட் பழுதாகவில்லை. உன்னோடு பேச வேண்டும் என்று நான்தான் நிறுத்தினேன். ராஜா இடுப்பில் ஸ்பேனரைப் பார்த்தேன், அது உனக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. எங்கே இருக்கிறாய்? வரட்டுமா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று சொல்லிவிடாதீர்கள். நான் மறைத்தது ஒரு பத்திதான். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்ததை வாசித்தேன். ஓய்வு முக்கியம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் வந்தால் அவள் எழுந்து தலை வாருவாள், களைத்துப்போவாள். தவிர, அவள் என்னோடு இருக்க வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தினமும் கேட்டாள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கடைசி வாரத்தில், "அவன் இதெல்லாம் விளையாடுற ஆளே இல்லக்கா. நான்தான் மண்டு" என்றாள். நானும் ஆமாம் என்றேன். அவளோடு நான் எப்போதுமே வாதாடியதில்லை.

அவன் ஐந்து முறை எழுதினான். ஒவ்வொரு முறையும் தங்கையின் பெயரில் "விளையாடியதற்கு நன்றி" என்று பதில் போட்டேன். ஐந்தாவது வந்தபோது அவள் இறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அதற்கும் அன்றைக்கே பதில் போட்டுவிட்டேன். ஒருவரைக் காக்கவைப்பது எனக்குப் பிடிக்காது.