மூத்தாளுக்குப் படைத்த ரோஜா

விடியற்காலை மூன்றரை மணி. அடி அண்ணாமலையில் கடைசி வீட்டைத் தாண்டினால், கிணற்றுக்குப் போகிற வண்டிப்பாதை. இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலைதான். ஆள் நடமாட்டம் இல்லை, நாய்கூட இல்லை. அந்தப் பாதையில் ஒரு பொம்பளை தனியாகப் போகிறாள். கையில் விளக்கு கிடையாது. இடுப்பில் ஒரு கூடை… கூடை நிறைய ரோஜா.

கிணற்றடிக்குப் போனாள். நின்றாள். கூடையைக் கவிழ்க்க வேண்டியதுதான் பாக்கி.

கவிழ்க்கவில்லை… திரும்பிவிட்டாள்.

சிரிக்காதே கோதண்டராமா. கரண்டு வருகிற வரைக்கும் பேய்க் கதைதான் வேண்டும் என்று அடம்பிடித்தது நீதான். விடிந்தால் முகூர்த்தம், தொடுக்க வேண்டிய பூ இன்னும் அரைக் கூடை கிடக்கிறது. கை தொடுக்கட்டும், காது என்னிடம் இருக்கட்டும்.

எழுபத்தொன்பதில் நடந்தது இது. என் சிநேகிதி சரோஜாவின் சித்திக்கு நடந்தது. சரோஜாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரிந்திருந்தால் மாமியார் வீட்டில் இன்னும் கொஞ்சம் சௌக்கியமாக இருந்திருப்பாள்.

சித்தியின் பெயர் பாஞ்சாலை. முருகையன் என்பவருக்கு இரண்டாம் தாரமாகப் போனவள். மூத்தவள் உண்ணாமலை, சிரித்தால் இடது கன்னத்தில் குழி விழுகிறவள், மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முருகையனுக்கு வீட்டை ஒட்டிப் பன்னீர் ரோஜாத் தோட்டம். அந்தப் பூவைக் காய்ச்சிப் பன்னீர் இறக்குவதுதான் வீட்டுப் பெண்களின் வேலை. உண்ணாமலை இறக்கிய பன்னீர் கீழ்பென்னாத்தூர் வரைக்கும் கல்யாண வீடுகளுக்குப் போகும். ரமணாசிரமம் பக்கம் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரிகள் காலி பாட்டிலோடு வந்து வாசலில் நிற்பார்களாம்.

பாஞ்சாலையும் வேலையில் குறை வைக்கவில்லை. வெயில் ஏறுவதற்குள் பறிப்பாள். செம்புத் தவலையில் தண்ணீர் ஊற்றி, இதழைப் போட்டு, நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஒரு கிண்ணத்தை வைப்பாள். குழிவான மூடியை மேலே வைத்து, ஆவி போகாமல் சுற்றிலும் மைதா மாவைப் பிசைந்து அப்புவாள். மூடியின் குழியில் பச்சைத் தண்ணீர். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கிண்ணத்தில் விழும். உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாது. காதுதான் கணக்கு. முதலில் டொக்… டொக்… என்று வெற்றுக் கிண்ணத்தில் விழும். நிறைய நிறையச் சத்தம் கனத்து, பொளக்… பொளக்… என்று ஆகும். அப்போது அடுப்பைத் தணிக்க வேண்டும்.

எல்லாம் மூத்தவள் செய்தபடியே செய்தாள். ஆனால் வாங்குகிறவர்கள் மூடியைத் திறந்து முகர்ந்ததும் ஒரே வார்த்தைதான். உண்ணாமலை காய்ச்சின மாதிரி இல்லை.

முருகையன் அதைக்கூடச் சொல்ல மாட்டார். ஒரு சொட்டு எடுத்துப் புறங்கையில் தடவி முகர்வார். கண்ணை மூடி எதையோ தேடுவார். பிறகு பேசாமல் பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுவார். அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. "இந்தா" என்பார், அவ்வளவுதான். மூத்தவளை மட்டும் தூக்கத்தில்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"ஒரே ஒரு தடவ, பாஞ்சால, இது நல்லா இருக்குதுன்னு அவரு வாயால சொல்லிட்டா போதும் சரோஜா. அப்புறம் நான் செத்தாலும் பரவால்ல." இப்படி ஒருநாள் சரோஜாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள்.

பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க நான் தயாராக இல்லை. உயிரோடு இருக்கிற சக்களத்தி என்றால் தெருவில் இறங்கிச் சண்டை போடலாம். செத்தவளோடு எந்தத் தெருவில் போய் நிற்பது? அவள் வயசு ஏறாமல், கோபப்படாமல், குழம்பில் உப்பைக் கூட்டாமல் நல்லவளாகவே இருந்துகொண்டிருக்கிறாள்.

முருகையனின் தங்கை கன்னியம்மாளுக்குக் கல்யாணம் வந்தது. நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே… வீட்டில் நல்ல காரியம் என்றால், பூவோடும் பொட்டோடும் போன பெண்ணுக்கு முதலில் பூவாடைக்காரி படையல் போட வேண்டும். புதுப்புடவை, மஞ்சள், வளையல், பூ எல்லாம் வைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அறைக்கதவைச் சாத்திவிடுவார்கள். அவள் வந்து எடுத்துக்கொள்வாளாம். மறுநாள் அந்தப் புடவையை இளையவள் உடுத்த வேண்டும். பூ மட்டும் அவளுக்கே சொந்தம். அதை யாரும் தலையில் வைக்கக் கூடாது, முகரக் கூடாது. விடிவதற்குள் கிணற்றில் விட்டுவிட வேண்டும்.

படையல் அன்றைக்கு முருகையன் தானே தோட்டத்தில் இறங்கினார். நன்றாக மலர்ந்த பூவாகப் பார்த்துப் பார்த்துப் பறித்து, கூடை நிறைய மூத்தவள் புடவையின்மேல் கொட்டினார். கல்யாணப் பன்னீருக்கென்று பாஞ்சாலையிடம் தந்தது முக்கால்வாசி மொட்டும் வாடலும். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கதவைச் சாத்தும்போது அவர் "உண்ணாமல… வந்து வாங்கிக்கம்மா" என்று குழைந்து கூப்பிட்டதை மட்டும் தூணோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தப் பூவைக் கிணற்றில் விடத்தான் மூன்றரை மணிக்குப் போனாள். விடாமல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சரோஜா கல்யாணத்துக்காக அந்த வீட்டில் தங்கியிருந்தாள். புழக்கடையில் வெளிச்சம் தெரிகிறதே என்று எழுந்து போனால், தவலை அடுப்பில் ஏறிவிட்டது. பாஞ்சாலை மாவை அப்பிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் படையல் கூடை, காலியாக.

சரோஜா கூடையைத் தூக்கிப் பார்த்தாள். இது படையல் பூவாயிற்றே என்று கேட்டதற்கு, பாஞ்சாலை திரும்பாமலே சொன்னாள்.

"நல்ல பூவெல்லாம் அவளுக்கே போனா, நான் எதுல காய்ச்சறது?"

டொக்… டொக்… சத்தம் ஆரம்பித்தது. கூடவே வாசனையும் வந்தது. ரோஜா வாசனை இல்லை. பச்சை மஞ்சள்… அப்புறம் சீயக்காய்… அப்புறம், தலை குளித்துவிட்டு ஈரத்தோடு ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் வருமே, அந்த வாசனை. சரோஜா பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

பொளக்… பொளக்… கிண்ணம் நிறைந்துவிட்டது. பாஞ்சாலை விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். தவலை ஆறியது. தொட்டால் சில்லென்று இருந்தது. ஆனால் உள்ளே சொட்டுகிற சத்தம் நிற்கவில்லை.

அந்த நேரம் முருகையன் தூக்கம் கலைந்து புழக்கடைக்கு வந்தார். வாசனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. கண் பாதி மூடியிருந்தது. நேராக வந்து பாஞ்சாலையின் தோளில் கை வைத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கை வைத்ததே இல்லையாம்.

"உண்ணாமல… எப்ப வந்த?"

பாஞ்சாலை வாயைத் திறந்தாள். நான் பாஞ்சாலை என்று சொல்லத்தான் திறந்திருப்பாள், பாவம். அவர் முகத்தைப் பார்த்தாள். அவ்வளவு ஆசையோடு எவனாவது தன்னைப் பார்ப்பானா என்று ஏங்கியவள் அவள்.

"இப்பத்தாங்க வந்தேன்" என்றாள்.

உள்ளே சொட்டுகிற சத்தம் நின்றுவிட்டது.

கல்யாணம் அமோகமாக நடந்தது. வாசலில் மூத்தவளின் படையல் புடவையைக் கட்டிக்கொண்டு, பன்னீர்ச் செம்போடு நின்றவள் பாஞ்சாலைதான். மேலே தெளித்துக்கொண்ட ஜனமெல்லாம், உண்ணாமலை காய்ச்சின மாதிரியே இருக்கிறது என்று மெச்சினார்கள். அவள் தலையைக் குனிந்து சிரித்தாளாம். அவளுக்கு இடது கன்னத்தில் குழி விழுந்ததை சரோஜா அன்றைக்குத்தான் முதலில் பார்த்தாள்.

அப்புறம் ஒரு வருஷம் சரோஜா அந்தப் பக்கமே போகவில்லை. கன்னியம்மாளுக்கு வளைகாப்பு என்று ஆள் அனுப்பினார்கள், போனாள். வீடு கலகலவென்று இருந்தது. முருகையன் தெம்பாக இருந்தார். நிமிஷத்துக்கு ஒரு தடவை "உண்ணாமல, உண்ணாமல" என்று கூப்பிட்டார். அவளும் ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி வந்தாள். சரோஜா "சித்தி" என்று கூப்பிட்டதற்கு மட்டும் அவள் திரும்பவில்லை.

நல்ல காரியம் ஆயிற்றே. அன்றைக்கும் படையல் போட்டார்கள். சரோஜா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கிளிப்பச்சையில் புதுப்புடவை. பாஞ்சாலைக்குப் பிடித்த நிறம் அதுதான். அதன்மேல் ஒரு கூடை ரோஜா, முக்கால்வாசி மொட்டும் வாடலும்.

யாருக்கு இந்தப் படையல் என்று கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டிருந்த சித்தி நாரைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

"என் இளையாளுக்குத்தாம்மா. பாவம்… ரொம்ப நாள் வாழல."

முருகையன் கற்பூரம் ஏற்றினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். கைகூப்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொன்னார்.

"பாஞ்சால… வந்து வாங்கிக்கம்மா."

பூத் தொடுக்கிறவள் தலை நிமிரவில்லை.

சாத்திய கதவுக்கு உள்ளேயிருந்து ஓடிவருகிற காலடிச் சத்தம் கேட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு, சந்தோஷம் தாங்காத குரலில் யாரோ கேட்டார்கள்.

"என்னங்க… கூப்பிட்டீங்களா?"