சாவி வரும்வரை நன்றியுரை இல்லை

(கல்முனைக் கலைவிழாவின் நிறைவுக் கூட்டத்தில், விழாக்குழுச் செயலாளரும் சைக்கிள் கடை உரிமையாளருமான சீனிமுகம்மது ஆற்றிய உரை)

தலைமை நாற்காலியை நிறைத்து வீற்றிருக்கும் விழாக்குழுத் தலைவர் முனாப் ஹாஜியார் அவர்களே! மட்டக்களப்பிலிருந்து மணலும் மதகும் கடந்து வந்து எங்கள் மாலையை ஏற்றிருக்கும் பிரதம விருந்தினர் பெருந்தகையே! பள்ளிவாசல் மரைக்காயர்மாரே! கோயில் வண்ணக்கர்மாரே! தேவாலயத்து மூப்பர்மாரே! பாண்டிருப்பிலும் காரைதீவிலும் நற்பிட்டிமுனையிலும் இருந்து வண்டில் கட்டி வந்திருக்கும் வயற்காரப் பெருமக்களே! ஓலைத் தட்டிக்கு அப்பால் இருந்துகொண்டு எங்கள் பேச்சில் எது மெய், எது மெழுகு என்று நிறுத்துப் பார்க்கும் உம்மாமாரே, ராத்தாமாரே, தாய்மாரே! உங்கள் எல்லோருக்கும் என் சலாமும் வணக்கமும்.

எல்லோரையும் விளித்துவிட்டேனா? இல்லை. மேடைக்கு முன்னால், வெள்ளைச் சட்டையும் சிவப்புப் பட்டியுமாக, வெறுங்கையோடு மணலில் குந்தியிருக்கிறார்களே நமது பாடசாலை பேண்ட் வாத்தியப் பிள்ளைகள், அவர்களையும் விளிக்கிறேன். பிள்ளைகளே, தலையை நிமிர்த்துங்கள். குனிய வேண்டியவர்கள் நீங்கள் அல்ல.

என்னை நன்றி சொல்ல எழுப்பியிருக்கிறார்கள். பந்தல் போட்டவருக்கு நன்றி, பாய் விரித்தவருக்கு நன்றி, ஒலிபெருக்கிக்கு நன்றி, அதை ஊதிப் பார்த்தவருக்கும் நன்றி என்று நான் அடுக்குவதும், நீங்கள் செருப்பைத் தேடுவதும் வழக்கம். இன்று செருப்பைத் தேடாதீர்கள். இன்று என் வாயில் நன்றி இல்லை. கோபம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இறங்கினால் எனக்கு இன்று சோறு இறங்காது.

சற்று முன்னர் நமது தலைவர் இதே ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று என்ன சொன்னார்? "கல்யாண வீட்டுச் சோத்துக்கு ஊதின கூட்டம் இந்த மேடையில ஏறாது. சாமான் எல்லாத்தையும் பின்னறையில போட்டுப் பூட்டியாச்சு. இனி இந்த ஊரில பேண்டும் இல்ல, கீண்டும் இல்ல" என்று சொன்னார். சொன்னாரா, இல்லையா? ஓம், நீங்களும் கேட்டீர்கள். அந்தப் பிள்ளைகளும் கேட்டார்கள். அவர்களைப் பெற்றவர்களும் இங்கே இருந்து கேட்டார்கள். சோற்றுக்கு ஊதின கூட்டம்! சபையோரே, நடந்த கதையை நான் சொல்கிறேன். ஊதியது யாருக்கு, உண்டது எங்கே, உண்ணவிடாமல் வைத்தது யார் என்று பிறகு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

இன்று காலை, பேண்ட் மாஸ்டர் செபரட்ணத்தை அழைத்துத் தலைவர் ஒரு கட்டளை இட்டார். நான் பக்கத்தில் நின்றேன். "மாஸ்டர், பிரதம விருந்தினர் வடக்கால வருவார். கறுப்புக் கார், முன்னுக்கு மாலை போட்டிரிக்கும். சந்தியில நிண்டு, கண்டவுடன அடிங்க. முன்னுக்கு நடந்து ஊர்வலமாக் கூட்டி வாங்க. எக்காரணம் கொண்டும் நிப்பாட்டப்படாது!" இதுதான் கட்டளை. வேறு அடையாளம் உண்டா? இல்லை. வழிகாட்ட ஒரு குழு உறுப்பினர் உண்டா? இல்லை. நிழலுக்கு ஒரு ஓலைப் பந்தல் உண்டா? வாய் நனைக்க ஒரு செம்புத் தண்ணீர் உண்டா? இல்லை, இல்லை! காலையில் போய் நின்ற பிள்ளைகள் உச்சி வெயில் ஏறும்வரை நின்றார்கள். பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டியிருந்த தங்கராசா இரண்டு தரம் மயங்கி இருந்துவிட்டான். கொம்பு ஊதும் அல்பேட்டின் உதடு வெடித்துவிட்டது. நாங்கள் எங்கே இருந்தோம்? இந்தப் பந்தலின் நிழலில், மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தோம்.

அப்போது வடக்கால் வந்தது ஒரு கார். கறுப்புக் கார். முன்னுக்கு மாலை. அடித்தார்கள் பிள்ளைகள்! சந்தி அதிர அடித்தார்கள், சனம் திரள அடித்தார்கள். காருக்குப் பின்னால் வந்தவர்கள் மகிழ்ச்சி தாங்காமல் முன்னுக்கு ஓடிவந்து, "இங்கால வாங்க மக்காள், இங்கால!" என்று கையைப் பிடித்து வழி காட்டினார்கள். அவர்களுக்கும் தொப்பி, அவர்களுக்கும் வெள்ளைச் சட்டை, தோளிலும் சால்வை. நமது விழாக்குழுவுக்கும் அவர்களுக்கும் பிள்ளைகள் என்ன வித்தியாசத்தைக் காண்பார்கள்? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கல்முனைக்குடியில் ஒரு வாசலில் கார் நின்றது. குரவைச் சத்தம் கேட்டது. கதவு திறந்தது. தலைப்பாகையும் மாலையுமாக இறங்கியவர் மருதமுனை மாப்பிள்ளை! செபரட்ணம் மாஸ்டர் என்னிடம் சொன்னார்: "பிரதம விருந்தினர் இவ்வளவு இளந்தாரியா எண்டுதான் முதலில யோசிச்சன். பிறகு அவருக்குக் கால் கழுவ மச்சினன் செம்போட வாறதைக் கண்டுதான் விளங்கிச்சு."

இதுவா குற்றம்? கறுப்புக் கார் என்று சொன்னீர்கள், கறுப்புக் காருக்கு அடித்தார்கள். மாலை என்று சொன்னீர்கள், மாலைக்கு அடித்தார்கள். நிப்பாட்டப்படாது என்று சொன்னீர்கள், நிப்பாட்டாமல் அடித்தார்கள். முகூர்த்த நாளில் மாலை போட்ட கார் ஒன்றுதான் இந்த ஊரில் ஓடும் என்று எண்ணியது யாருடைய புத்தி? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். அவளாவது கோணல் என்று மேடையைத்தான் சொன்னாள். நாம் பிள்ளைகளைச் சொல்கிறோம்.

தவறு தெரிந்தவுடன் மாஸ்டர் பிள்ளைகளைத் திருப்பத்தான் பார்த்தார். பெண்ணின் தாய் பாத்தும்மா ராத்தா விடவில்லை. மகளின் கல்யாண அலுவலை எல்லாம் விட்டுவிட்டு வாசலுக்கு வந்து, தங்கராசாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ள காலையில இருந்து என்ன திண்ட?" என்று ஒரு கேள்வி கேட்டார். விழாக்குழுவில் இத்தனை பெரிய மனிதர்கள் இருந்தும் எங்களில் ஒருவர் வாயிலும் வராத கேள்வி அது! சர்பத் கரைத்துக் கொடுத்தார். பலர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டு வைத்துச் சோறு போட்டார். "மாடு திண்ணாத புள்ளையள் இஞ்சால வாங்க" என்று கூப்பிட்டு, இந்துப் பிள்ளைகளுக்குக் கோழிக்கறியை வேறு சட்டியில் எடுத்து வைத்தார். அந்தச் சோற்றைத்தான் தலைவர் இன்று இந்த மேடையில் இழுத்துப் போட்டு ஏசுகிறார். ஓம் ஹாஜியார், அவர்கள் கல்யாண வீட்டில் சோறு உண்டார்கள். நீங்கள் போடாத சோற்றை உண்டார்கள். நாங்கள் கொடுக்காத தண்ணீரைக் குடித்தார்கள். வெட்கப்பட வேண்டியது உண்ட வாயா, ஊட்டாத கையா?

பிரதம விருந்தினர் பேண்ட் இல்லாமல் வந்து இறங்கினார், ஊரின் மானம் போய்விட்டது என்கிறீர்கள். விருந்தினர் ஐயா அவர்களே, நான் உங்களிடமே கேட்கிறேன், மன்னிக்க வேண்டும். ஓடிவந்து கார்க் கதவைத் திறந்தவன் நான். முதல் வார்த்தையாக என்னிடம் என்ன கேட்டீர்கள்? பேண்ட் எங்கே என்று கேட்டீர்களா? தலையை ஆட்டுகிறார், பாருங்கள், இல்லை என்று ஆட்டுகிறார். "தம்பி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்டார். காரில் வந்தவருக்கே அந்தத் தாகம் என்றால், தாரில் நின்ற பிள்ளைகளுக்கு எந்தத் தாகம் இருந்திருக்கும்?

இன்னொரு பழியையும் தலைவர் போட்டார். பிள்ளைகள் வாசிக்கும் ஜாஸ் இசை கப்பல்காரன் குடித்துவிட்டு ஆடும் கூத்து, கிறிஸ்து வேதக்கார வாத்தியார் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்றார். செபரட்ணம் மாஸ்டர் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் திருகோணமலைத் துறைமுகத்தில் எழுத்தராக இருந்தவர். அங்கே வந்திறங்கிய கறுப்பின மாலுமிகளிடம் கேட்டுக் கற்ற இசை அது. யார் அந்த மக்கள்? சந்தையில் விலைகூறி விற்கப்பட்ட மனிதர்களின் பேரப்பிள்ளைகள். மண்ணைப் பறித்தார்கள், மொழியைப் பறித்தார்கள், பெற்றோர் வைத்த பெயரையும் பறித்தார்கள். நெஞ்சுக்குள் இருந்த தாளத்தை மட்டும் எவனாலும் பறிக்க முடியவில்லை. அதில் ஒருவன் தொடங்குவான், மற்றவன் இடையில் புகுந்து பதில் சொல்வான், பிறகு எல்லோரும் ஒன்றாய் எழும்புவார்கள். இது நமக்குத் தெரியாததா? கையில் பொல்லுகளைப் பிடித்து அடித்தாடும் நமது பொல்லடியில் அண்ணாவியார் பாட, ஆட்டக்காரர் பொல்லால் பதில் சொல்வதில்லையா? காரைதீவுக் கூத்துக் களரியில் மத்தளம் கேட்க, சதங்கை பதில் சொல்வதில்லையா? அதனால்தான் மாஸ்டர் கொம்புக்குப் பக்கத்தில் பொல்லடிப் பிள்ளைகளை நிறுத்தினார், மேளத்துக்குப் பக்கத்தில் மத்தளத்தை வைத்தார். முஸ்லிம் பிள்ளை பொல்லடிக்க, தமிழ்ப் பிள்ளை மத்தளம் தட்ட, வேதப் பிள்ளை கொம்பு ஊத, மூன்றும் முட்டாமல் மோதாமல் ஒரே அடியில் போகின்றன. நமது பெரியவர்களின் எந்தக் கூட்டம் அப்படிப் போயிருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்?

பூட்டி வைத்திருக்கும் அந்த வாத்தியங்கள் யாருடையவை? போன அறுவடையில் களத்து மேட்டில் நின்று, மூன்று சமயத்து வயற்காரரும் அளந்து கொடுத்த நெல்லில் வாங்கியவை. ஒரு தனி மனிதர் ஊரின் வாயை எப்படிப் பூட்டலாம்?

தலைவர் மணி அடிக்கிறார். அடியுங்கள் ஹாஜியார். நேரம் முடிந்துவிட்டது என்கிறார். இல்லை, முடியவில்லை. ஒரு கூட்டம் எப்போது முடியும்? நன்றியுரை சொன்னால் முடியும். அதற்கு முன்னால் எழும்பிப் போவது சபைக்குச் செய்யும் அவமரியாதை என்று வருடா வருடம் எங்களை இருத்தி வைத்தவர் நீங்கள்தான். நன்றியுரை யாரிடம் இருக்கிறது? இந்தச் சைக்கிள் கடைக்காரனிடம் இருக்கிறது. அறைச் சாவி உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. அது வெளியே வரும்வரை இது வெளியே வராது!

யாரப்பா அங்கே? வண்டில் மாடு நிற்கிறதா? நிற்கட்டும், வைக்கோல் போடுங்கள். பின்னால் என்ன சத்தம்? "கதை தம்பி, கதை! விடிஞ்சாலும் இரிக்கம்!" என்கிறார்கள். கேட்டீர்களா ஹாஜியார்?

கொஞ்சம் பொறுங்கள். சபையோரே, அமைதி. ஓலைத் தட்டிக்கு அப்பால், கல்யாண வீட்டிலிருந்து எழும்பி வந்த ஒரு தாய் கதைக்கிறார். பாத்தும்மா ராத்தா, சத்தமாகச் சொல்லுங்கள், பயப்படாதீர்கள்.

முன்வரிசையில் உள்ளவர்களுக்குக் கேட்டிருக்கும். பின்னால் இருப்பவர்களுக்காக அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "ஹாஜியார், அந்தப் புள்ளையள் என்ட வாசலுக்குச் சோறு கேட்டு வரல்ல. நான்தான் கையப் புடிச்சு இருத்தின. குத்தம் எண்டா அந்த அறையில என்னப் போட்டுப் பூட்டுங்க. சாமானப் புள்ளையள்ட கையில குடுங்க."

இதற்குப் பிறகு நான் என்ன பேசுவது? ஹாஜியார் அவர்களே, அந்தத் தாய்க்கு நீங்களே பதில் சொல்லுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

பிரதம விருந்தினர் எழும்புகிறார். போகிறாரா? இல்லை. தலைவருக்கு முன்னால் நின்று கையை நீட்டுகிறார். அந்தச் சட்டைப் பைக்கு நேரே நீட்டுகிறார்.

சாவி வந்துவிட்டது, சபையோரே! கைதட்டாதீர்கள். வேண்டாம், நிறுத்துங்கள். ஹாஜியாரும் நமது ஊர் மனிதர்தான். அவர் தலை குனிந்ததற்குக் கைதட்டினால் நாமும் அவர் செய்ததையே செய்தவர்கள் ஆவோம். செபரட்ணம் மாஸ்டர், ஏன் இன்னும் நிற்கிறீர்கள்? பிடியுங்கள் சாவியை, போய்த் திறவுங்கள்.

இனி என் கடமை. சாவியைக் கொடுத்த தலைவருக்கு நன்றி. அதை வாங்கித் தந்த விருந்தினருக்கு நன்றி. பசியறிந்து சோறு போட்ட பாத்தும்மா ராத்தாவுக்கு இந்த ஊர் நன்றி சொல்லித் தீராது. பந்தலுக்கும் பாய்க்கும் ஒலிபெருக்கிக்கும் நன்றி. காது கொடுத்த உங்கள் எல்லோருக்கும் நன்றி.

பிள்ளைகளே, உங்களிடம் இந்த ஊருக்காக மன்னிப்புக் கேட்கிறேன். உங்களுக்கு உரிய நன்றியை மட்டும் இப்போது சொல்லமாட்டேன். அதைச் சொன்னால் கூட்டம் முடிந்துவிடும், சனம் எழும்பிவிடும். வாத்தியங்களை எடுத்துக்கொண்டு மேடைக்கு ஏறி வாருங்கள். ஆசை தீர வாசியுங்கள். நீங்கள் போதும் என்று சொல்லும்வரை இந்தச் சபையில் ஒருவரும் அசையமாட்டார்.

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம். அடி தங்கராசா!