கப்பல் ஏறிய முதல் மிரே

— கையைக் குடுங்க சம்பந்தியம்மா. பட்டுப் பாவாடை பனியில புரளுது. ஏறி உட்காருங்க, மத்ததை வழியில பேசிக்கலாம்.

— இதுலயா, சம்பந்தி?

— பின்னே? ஹெலிகாப்டர் சொல்லி வைக்க மறந்துட்டேன்.

— என் வண்டி மாதிரி சியோல் முழுக்கத் தேடினாலும் நாலுதான் இருக்கும். வெளிநாட்டுல சொல்லிச் செஞ்சு வந்தது.

— அந்த நாலும் இன்னைக்கு வீட்டுலயே இருந்திருக்கலாம். சக்கரம் சுத்துது, வண்டி நகர மாட்டேங்குது. தள்ளப் போய் நான் குப்புற விழுந்ததுதான் மிச்சம். உங்க டிரைவர் பாங் தம்பி அதுக்குக் காவல் இருக்கட்டும். சுரங்கப் பாதையில லாரி கவுந்து கிடக்கு, இந்தப் பழைய மலைப் பாதை ஒண்ணுதான் நமக்கு வழி. உச்சியைத் தாண்டிட்டா காங்னுங் வரைக்கும் இறக்கம். அங்க ஒரு மணிக்குக் கல்யாணம். உங்களைத் தேடித்தான் அங்க இருந்து வந்திருக்கேன், ஏறுங்க, சொல்லிப்புட்டேன்.

— பின்சீட்டுல உட்காருறேன்.

— மகாராணி மாதிரி உட்காருங்க. கதவை மட்டும் லேசாத் தூக்கிச் சாத்தணும், இல்லேன்னா... அடேங்கப்பா! ஒரே தூக்குல சாத்திட்டீங்களே! என் வீட்டுக்காரிக்கே இன்னும் கைவரலை.

— தகர டப்பா எல்லாத்துக்கும் ஒரே மூடிதான். கிளம்புங்க. இது என்ன நாத்தம்?

— மீனு. உலர்ந்த மீனு. முப்பது வருஷத்துக்கு முன்னாடி வண்டி வாங்கின அன்னைக்குப் பன்றித் தலை வச்சு, பூசை போட்டு, சக்கரத்துக்குக் கள்ளு ஊத்தி, நூல் சுத்திக் கட்டினது.

— முப்பது வருஷத்து மீனா?

— சேச்சே. மீனை வருஷா வருஷம் மாத்திடுவேன். வண்டியைத்தான் மாத்துறதில்லை.

— தெரியுது.

— அன்னைக்குப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் மூஞ்சியைச் சுளிச்சீங்க. சாப்பாட்டுக் கடை வாசல்ல, என் பொண்ணு நாரே முன்னாடியே, "இதுலதான் வந்தீங்களா"ன்னு கேட்டீங்க. அவ ராத்திரி என்கிட்ட, "அப்பா, கல்யாணத்துக்கு மட்டும் பஸ்ல வந்துடுங்களேன்"னா. பெத்த பொண்ணு. வயிறு எரிஞ்சு போச்சு எனக்கு.

— நான் கேட்டது கேள்வி. அவ எடுத்துக்கிட்ட மாதிரி எடுத்துக்கிட்டா நான் என்ன பண்ண முடியும்? வேகமாப் போங்க சம்பந்தி. என் பையன் ஊஜினுக்கு அப்பா இல்லை. நானும் போய்ச் சேரலைன்னா அவன் பக்கத்துல ரெண்டு நாற்காலியும் காலியா இருக்கும்.

— பயப்படாதீங்க. ரெண்டு அம்மாவும் கைகோத்து நடந்து போய் மெழுகுவத்தி ஏத்தினாத்தான் கல்யாணமே ஆரம்பம். நீங்க இல்லாம எவன் ஆரம்பிப்பான்?

— மண்டபத்துக்காரன் ஆரம்பிப்பான். நமக்கு அடுத்து இன்னொரு ஜோடி வாசல்ல நிக்குது. மெழுகுவத்தியை மண்டபத்துப் பொண்ணு ஒருத்தி ஏத்திட்டுப் போயிடுவா.

— அதுக்கு விட மாட்டான் இந்த ஓ பியோங்தே. இந்த மிரே வண்டியைச் செஞ்ச எங்க ஹன்பிட் கம்பெனியை என்னன்னு நினைச்சீங்க? ரிப்பேர்க் கொட்டகையில ஆரம்பிச்ச கம்பெனி. வண்டிக்கு வரைபடம் இத்தாலிக்காரன் போட்டது, எஞ்சின் ஜப்பான்காரன்கிட்ட வாங்கினது, கை மட்டும் நம்ம கை. உல்சான்ல கடல் ஓரமா வெறும் சதுப்பு நிலம், அதுல மண்ணைக் கொட்டி ஆலை கட்டினோம். நான் கதவு மாட்டுற இடத்துல நின்னவன். இந்தக் கதவே நான் மாட்டின கதவா இருக்கலாம்.

— அதான் தூக்கிச் சாத்த வேண்டியிருக்கு.

— ஆத்தாடி, வாயைப் பாரு!

— பொய்யா? என் நாத்தனார் ஒண்ணு வச்சிருந்தா. மழை பெய்தா உள்ள குடை பிடிச்சுக்கிட்டு ஓட்டுவா. ரெண்டாவது வருஷம் காலடித் தகடு துருப்பிடிச்சு உதிர்ந்துச்சு. காலை வெளிய விட்டு நடந்தே போயிருக்கலாம். குளிர்ல ரெண்டாவது கியர் விழாது. விழுந்தா வெளிய வராது.

— அது... அது உண்மைதான். ஒத்துக்கிறேன். என் மச்சினன் சிகாகோவுல வாங்கினான். ராத்திரி பூட்டாம தெருவுல விட்டாலும் எந்தத் திருடனும் தொட மாட்டேங்கிறான்னு போன் போட்டு அழுதான். மானம் போச்சு. டிவியில கோமாளிப் பயலுக எங்க காரை வச்சுத்தான் பொழைச்சானுக. ஆனா அப்புறம் என்ன ஆச்சு? அதையும் சொல்லுங்களேன்.

— நீங்களே சொல்லுங்க. விட மாட்டீங்கன்னு தெரியும்.

— பத்து வருஷத்துக்கு எது போனாலும் எங்க செலவுன்னு அமெரிக்காக்காரன்கிட்ட சொன்னோம். பைத்தியம் பிடிச்சிருச்சு, கம்பெனி இழுத்து மூடப் போகுதுன்னாங்க. மூடினோமா? வாக்குக் கொடுத்துட்டோமேன்னு ஒவ்வொரு கதவையும் பெத்த புள்ளைக்குத் தலை வாரிவிடுற மாதிரி மாட்டினோம். அதே மச்சினன் அப்புறம் மூணாவது ஹன்பிட் வரைக்கும் வாங்கிட்டான். போன மாசம் எவனோ அதைத் திருடிட்டான். போன் போட்டுச் சிரிக்கிறான் பாவி, "மாமா, இப்பத் திருடுறாங்க மாமா"ன்னு!

— ஹ.

— சிரிச்சீங்க! சம்பந்தியம்மா சிரிச்சாச்சு!

— ரோட்டைப் பாருங்க.

— பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். இதையும் கேளுங்க, இதைச் சொல்லாம என்னால மலை ஏற முடியாது. முத முதல்ல அமெரிக்காவுக்குக் கப்பல்ல ஏத்தினோமே, அன்னைக்கு நான் துறையில நின்னேன். ஆலைக்கே லீவு. பெரிய பூசை. முதல் மிரேயோட நாலு சக்கரத்துக்கும் மக்கொல்லிக் கள்ளை ஊத்தினாங்க. கப்பல் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது. வண்டி சரிவுல ஏறுது. பாதியில நின்னுபோச்சு!

— நின்னுபோச்சா?

— எஞ்சின் ஆஃப். ஜனம் மொத்தமும் மூச்சை அடக்கிக்கிட்டு நிக்குது. வண்டி பின்னாடி உருள ஆரம்பிச்சிருச்சு. செத்தோம்னு நினைச்சேன். அப்புறம் ஒரு சாண் உருண்டு, டக்குனு பிடிச்சு, சத்தமே இல்லாம ஏறிச்சு பாருங்க... கப்பலுக்குள்ள போறப்ப ஒரு நீள ஹார்ன், ரெண்டு குட்டை ஹார்ன். நான் வாய்விட்டு அழுதேன். அங்க நின்ன அத்தனை ஆம்பளையும் அழுதான்.

— யாரு ஓட்டினது?

— அதான் இன்னைக்கு வரைக்கும் தெரியலை! கில் அண்ணன்னு பெரிய டிரைவர் ஒருத்தர், நான்தான் ஓட்டினேன்னு சாகுற வரைக்கும் சாதிச்சார். ஆனா அவர் தொப்பை ஸ்டியரிங்ல இடிக்கும். அன்னைக்கு ஓட்டினது ஒல்லிப் பயல். தொப்பியைக் காது வரைக்கும் இழுத்து விட்டிருந்தான். போட்டோவுலயும் தொப்பிதான் தெரியுது. இறங்கி வந்தா ஒரு கிண்ணம் கள்ளு கொடுக்கணும்னு கையில வச்சுக்கிட்டு நின்னேன். எந்தப் பக்கமா இறங்கிப் போனானோ, ஆளையே காணோம். அவனை என்னைக்குப் பார்த்தாலும் அந்தக் கிண்ணத்தைக் கையில கொடுத்துக் காலைத் தொட்டுக் கும்பிடுவேன், சொல்லிப்... ஸ்ஸ்ஸ்!

— என்ன ஆச்சு?

— ஒண்ணுமில்லை.

— வண்டியை ஏன் ஓரம் கட்டுறீங்க? ஏன் முனகுறீங்க?

— உங்க வண்டியைத் தள்ளப் போய் விழுந்தேனே... அப்பவே காலு மடங்கிச்சு. ஏறுறப்ப தாங்கிச்சு. இப்ப கிளச்சை மிதிச்சா உயிர் போகுது.

— ஷூவைக் கழட்டுங்க. ஐயோ, பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கே! இதோடயா இவ்வளவு நேரம் கதை சொன்னீங்க?

— கதை சொன்னா வலி தெரியாதுன்னு பார்த்தேன். மன்னிச்சிருங்க சம்பந்தியம்மா. இன்னும் ஒரு மேடுதான். போன்ல யாரையாவது...

— யாரை? இந்த மலையில ஓநாயைக் கூப்பிடுவீங்களா? நகருங்க.

— எங்க நகர?

— அந்தப் பக்க சீட்டுக்கு.

— இது ஆட்டோமேட்டிக் இல்லைங்க! கையால கியர் போடுற வண்டி. நீங்க டிரைவர் வச்சுப் பழகினவங்க...

— பேச்சைக் குறைங்க சம்பந்தி. இந்தாங்க, என் செருப்பைப் பிடிங்க.

— பூப்போட்ட செருப்பை நான் பிடிச்சு என்ன பண்ண?

— மடியில வச்சுக்கோங்க, நனையக் கூடாது. காலுறையோட ஓட்டினாத்தான் கிளச் எங்க பிடிக்குதுன்னு தெரியும். பாவாடை நுனியையும் பிடிங்க. கியர்க் கம்பியில மாட்டும்.

— கடவுளே. கல்யாணத்தன்னைக்குச் சம்பந்தியம்மா பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். என் பொண்டாட்டி கேட்டா என்ன சொல்லுவேன்?

— உயிரோட வந்தேன்னு சொல்லுங்க.

— மெதுவா... மெதுவா... வளைவு! சம்பந்தியம்மா, வளைவு! ...அட. சரி. அட, பரவாயில்லையே. வழியெல்லாம் பாருங்க, எத்தனை வண்டி மூக்கைப் பனியில குத்திக்கிட்டு நிக்குது! அது உங்க ஜாதி வண்டிதானே? இதோ இன்னொண்ணு! கண்ணாடியை இறக்கி டாட்டா காட்டட்டுமா?

— சின்னப் பிள்ளையா நீங்க? ...சரி, காட்டுங்க. ஒரே ஒரு தடவை.

— போயிட்டு வரோம்யா! முப்பது வருஷத்து ஹன்பிட்யா! மிரேயா! நல்லாப் பார்த்துக்கோய்யா!

— கண்ணாடியை ஏத்துங்க, குளிருது. போன் அடிக்குது பாருங்க.

— நாரேதான். ஸ்பீக்கர்ல போடுறேன். சொல்லும்மா!

— அப்பா, எங்க இருக்கீங்க? அத்தை கிடைச்சாங்களா? மண்டபத்துக்காரன் கடிகாரத்தைக் காட்டிக் காட்டிப் பேசுறான். அம்மா மெழுகுவத்தி மேடை கிட்ட தனியா நின்னுக்கிட்டு இருக்கா. ஊஜின் வாசலையே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு.

— வந்துக்கிட்டே இருக்கோம்மா! கடைசி மேடு!

— பாதை மூடப் போறாங்களாமே! எந்த வண்டியில வரீங்க?

— நம்ம வண்டியிலதான்.

— நம்ம... அந்த வண்டியிலயா? ஐயோ அப்பா, அத்தை என்ன சொல்றாங்க?

— நாரே, உன் அத்தை பேசுறேன். ஊஜின்கிட்ட சொல்லு, அம்மா இல்லாம ஒரு தீக்குச்சி உரசக் கூடாது. போனை வை, எனக்கு ரெண்டு கையும் வேணும்.

— அத்தை, நீங்களா ஓட்...

— வச்சுட்டேன் சம்பந்தியம்மா. முன்னாடி பாருங்க, இதுதான் அந்த மேடு. சுவர் மாதிரி நிக்குது. வேகத்தைக் குறைக்காதீங்க, குறைச்சா நின்னுடும்... நின்னுடுச்சு. போச்சு. எல்லாம் போச்சு.

— எதுவும் போகலை.

— பின்னாடி உருளுது! பிரேக்கைப் பிடிங்க! பள்ளம்!

— உருளட்டும். ஒரு சாண். சக்கரம் தோண்டின குழியை விட்டு வெளிய வரணும். இப்ப ரெண்டாவது கியர். முதல் கியர்ல போட்டா முறைச்சுக்கிட்டு சுத்தும், ரெண்டாவதுலதான் சொன்ன பேச்சு கேட்கும். வாடி. வாடி என் தங்கம். உன்னை எனக்குத் தெரியாதா? ஏறு.

— ஏறுது! ஆத்தாடி, ஏறுது! சத்தமே இல்லாம ஏறுது! உச்சி! சம்பந்தியம்மா, கடல் தெரியுது! ஊரு தெரியுது!

— தெரியுது, தெரியுது. கத்தாதீங்க. அழுறீங்களா என்ன?

— காலு வலிக்குது.

— நம்பிட்டேன்.

— வண்டியையா கொஞ்சினீங்க இப்ப? தகர டப்பான்னு ஏசின அதே வாயாலயா?

— ஏசுறது என் இஷ்டம். வேற எவளாவது ஏசினா எனக்குப் பொறுக்காது. நாத்தனாரோட பத்து வருஷம் பேசலை, எதுக்குன்னு நினைச்சீங்க?

— எனக்கு ஒண்ணுமே விளங்கலை சம்பந்தியம்மா.

— விளங்க வேண்டாம். இறக்கத்துல நான் பிரேக்கைத் தொடப் போறதில்லை, கியர்லயே இறக்குறேன். கதவுக் கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க. ஊருக்குள்ள வழி சொல்லுங்க.

— பாலம் தாண்டி இடது பக்கம். சந்தைத் தெரு... இப்ப நேரா. அதோ, மண்டபம் அதோ! மணியைப் பாருங்க, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு! வாசல்ல மாப்பிள்ளை நிக்கிறாரு பாருங்க! நாரேயும் வெள்ளை கவுனைத் தூக்கிக்கிட்டு ஓடி வரா! மொத்த ஜனமும் வெளிய வந்துடுச்சு!

— இவன் எதுக்கு அழுறான் இப்ப, மாப்பிள்ளைக் கோலத்துல? சம்பந்தி, செருப்பைக் கொடுங்க. பாவாடையை விடுங்க. இன்னொண்ணு, கல்யாணம் முடிஞ்சதும் பிள்ளைங்க ஏறிப் போக இருந்த என் வண்டி மலையில பனிக்குள்ள நிக்குது. ரிப்பனையெல்லாம் இதுக்குக் கட்டச் சொல்லுங்க. இவங்க இதுலதான் போகணும்.

— இதுலயா? அத்தனை பேர் முன்னாடியா?

— அத்தனை பேர் முன்னாடிதான். கொஞ்சம் காதைப் பொத்திக்கோங்க.

— எதுக்கு... அம்மாடியோவ்! ஏன் இப்படி ஹார்ன்... இருங்க. ஒரு நீளம், ரெண்டு குட்டை. சம்பந்தியம்மா, இருங்க. இறங்காதீங்க. இந்த ஹார்ன்... இதை நான்...

— கில் அண்ணன் பாவம், நல்ல மனுஷன். பூசைக் கள்ளைப் பூசைக்கு முன்னாடியே குடிச்சுட்டுத் துறையில கயித்து மூட்டை மேல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தார். கப்பல் காத்திருக்குமா?

— அது... அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

— அவருக்குக் கீழ ஆலையில வண்டி ஓட்டினவ நான். அந்தத் தொப்பிக்குள்ள முழ நீளத்துக்கு என் பின்னல் இருந்துச்சு சம்பந்தி. மெழுகுவத்தியை ஏத்திட்டு வந்துடுறேன், அந்தக் கிண்ணம் கள்ளை ஊத்தி வைங்க.