ஒளிர்ந்த உயிரணுக்கள்

விருதைக் கொடுத்துவிட்டு விளக்கத்துக்காகக் காத்திருக்கும் தலைவர் அவர்களே, முன்வரிசையில் முதுமையோடு பொறுமையையும் சேர்த்துச் சுமந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளை மடியிலும் கவலைகளை மனத்திலும் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, உங்களை வணங்குகிறேன்.

என் முதுகுக்குப் பின்னால் சுவர் உயரத்துக்கு ஒரு படம். கணையத்து உயிரணுக்கள். ஒவ்வொன்றின் மேலும் தலைமுடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்தில் நானோ துகள் போர்வை. எதற்குப் போர்வை? பிறர் தந்த உயிரணுவைப் பகையென்று நம் உடம்பு அடித்துக் கொல்லும். போர்த்திவிட்டால் அடையாளம் தெரியாது. உள்ளே இருந்து இன்சுலின் சுரக்கும். போர்வை ஒட்டியதா என்று அறிய, ஒளிரும் சாயம் சேர்த்தோம். ஒளிர்ந்தது. படம் எடுத்தோம். அந்தப் படத்துக்குத்தான் இந்தக் கேடயம்.

கைதட்டாதீர்கள், கேளுங்கள்.

எங்கள் ஆய்வகத்தில் உயிரணு வளரும் தட்டுகளைக் கவனிக்கும் பெண்மணி ஒருவர் உண்டு. எதையும் கேள்வி கேட்பதால் 'சந்தேகம்' என்றே பெயராகிவிட்டது. பதினோரு வாரம் நாங்கள் ஒளியை அளந்தோம். ஒளிக்கு வரைபடம் போட்டோம். ஒளி போதவில்லை என்று துகளை இரட்டிப்பாக்கினோம். நேற்றுக் காலை அவர் மெதுவாகக் கேட்டார்: "மினுக்குறதெல்லாம் சரி சார். இதுக்கு யாராச்சும் சர்க்கரை குடுத்துப் பாத்தீங்களா?"

ஐந்து முனைவர்கள் நின்றிருந்தோம். அடுத்தவர் பார்த்திருப்பார் என்று ஐவரும் நம்பியிருந்தோம். எங்கள் ஒற்றுமை அப்படி.

சர்க்கரை கொடுத்தோம். உயிர் இருந்தால் இன்சுலின் சுரக்க வேண்டும். ஒரு துளி இல்லை. போர்வை கனத்து, மூச்சு முட்டி, உயிரணுக்கள் பட்டினியில் செத்திருந்தன. செத்த உயிரணுவுக்குள் துகள் புகுந்து தேங்கும்; அதனால்தான் அத்தனை வெளிச்சம். தலைவர் அவர்களே, தாங்கள் பரிசளித்தது ஒரு மயானத்துக்கு.

பின்வரிசையில் யாரோ சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம். மூன்றாம் வரிசையில் தன் அண்ணன் பக்கத்தில் இருக்கும் தையற்கார அம்மா சிரிக்கவில்லை. வரும் திங்கட்கிழமை இந்த உயிரணுக்களைத் தன் உடம்பில் ஏற்றிக்கொள்ள முதலாவதாகச் சம்மதித்தவர் அவர். சர்க்கரை நோயில் ஒரு கண் போய்விட்டது. "மிச்சக் கண்ணு நிலைச்சா போதும் சார், பொழச்சுக்குவேன்" என்று சொல்லித்தான் கையெழுத்திட்டார்.

"அப்ப எனக்கு எப்ப சார்?" என்று இப்போது கேட்கிறார்.

அம்மா, எனக்குத் தெரியாது. ஆறு மாதம் என்றால் இந்த அரங்கம் நிம்மதியாக வீட்டுக்குப் போகும். நான் சொல்ல மாட்டேன். மெல்லிய போர்வை வேண்டும். மூச்சுவிடும் போர்வை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் போர்வைக்குக் கீழே உயிர் வேண்டும். அது சர்க்கரைக்குப் பதில் சொல்லும் நாளில், உங்கள் வீட்டு வாசலுக்கு நானே வருவேன்.

கேடயத்தை மேசைமேல் வைக்கிறேன். அம்மா, உங்கள் சம்மதக் கடிதம் என் சட்டைப்பையில் இருக்கிறது. ஒரு படத்தை நம்பிப் போட்ட கையெழுத்து என்னிடம் இருக்கக் கூடாது.

செவிகொடுத்த சபைக்கு நன்றி. தலைவர் அவர்களே, விடைகொடுங்கள். கீழே இறங்கி அந்தக் கடிதத்தை அந்த அம்மா கையில் கொடுக்க வேண்டும். வணக்கம்.