வெந்நீர்க் குட்டையில் முதல் முழுக்கு

என் இடுப்பு வலியிலிருந்துதான் தொடங்க வேண்டும், சார்ஜென்ட். பைன் காட்டில் மரம் அறுத்தே தேய்ந்த இடுப்பு. கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

இந்த வலிக்கு அந்த ஓடைக்கரை வெந்நீர்க் குட்டை ஒன்றுதான் மருந்து. எங்கள் மரம்வெட்டும் கூட்டம் வருஷா வருஷம் அங்கே கூடாரம் அடிப்பதும் அதற்காகத்தான், மீன் அப்புறம். பாறைக்கு அடியிலிருந்து கொதித்து வருகிற தண்ணீர் ஒரு பக்கம். கல்வரிசையில் விட்ட வாய் வழியாக ஓடையின் பச்சைத் தண்ணீர் மறுபக்கம். இரண்டும் கலந்தால் எழுந்திருக்க மனசே வராது. ஆகப் பெரிய டிரவுட் மீன் பிடித்தவனுக்கு மறுநாள் காலையில் முதல் முழுக்கு. அது எங்கள் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒருவன் காட்டிக்கொடுத்த மடுவில் விழும் முதல் மீன், காட்டியவனுக்கு. வேரடி மடுவை எங்கள் கூட்டத்துத் திப்பெனேவுக்குக் காட்டியவன் நான். நேற்று மாலை அங்கிருந்து கை நீளத்துக்கு ஒரு டிரவுட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். சில வருஷமாக என் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு ஓடிய அதே மீன். அதன் தாடையில் என் பழைய முள் இருந்தது.

"முதல் மீன் யாருதுடா?" என்று கேட்டேன்.

"முள்ளு உன்னுது, மீன் என்னுது. முள்ள வேணா புடுங்கிக்க, மாப்ளே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவன் மனைவி நொயலீன் மானுக்கா விறகுப் புகையில் மீனை வாட்டினாள். என் தட்டில் வால் விழுந்தது.

சாப்பிட்டுக்கொண்டே விளையாட்டாகத்தான் பேச்சைத் திருப்பினேன்.

"காலையில விரல நனைச்சு நனைச்சுப் பாத்துத்தான எறங்குவ, டவுன்காரன் மாதிரி?"

"யாரு, நானா? ஓடியாந்து குதிக்கிறேன், பாத்துக்க."

"வயசுக்கேத்த மாதிரி பேசு," என்றாள் நொயலீன்.

"குதிக்கிறேன்னா குதிக்கிறேன்டி."

திப்பெனே சொன்ன சொல் தவறாதவன், மீன் விஷயத்தைத் தவிர.

விடிந்ததும் எழுந்து போய் அந்தக் கல்வரிசையின் வாயை அடைத்தேன். நுரைக்கல் மிதந்துவந்து அடைத்திருக்கும் என்று நொயலீன் உங்களிடம் சொன்னாளாம். நல்ல மனசு. ஆனால் அந்த எரிமலைக்கல் தக்கை மாதிரி, தண்ணீர் வேகத்துக்கு நிற்காது. கருங்கல்தான் வேண்டும். ஓடைக்குள்ளிருந்து நானே தூக்கிவந்தேன், இந்த இடுப்போடு. இடுக்குகளில் பாசியைத் திணித்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

கொஞ்சம் சூடு ஏற்றி அவன் துள்ளுவதைப் பார்க்கலாம் என்றுதான். எவ்வளவு சூடு என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் என் சட்டைப் பையில் கிடந்த முட்டை ஓட்டை எடுத்து மேசையில் வைத்துவிட்டீர்கள்.

குட்டையில் ஒரு முட்டையைப் போட்டுப் பார்த்தேன். உடைத்தபோது கரு கலங்கலாகத்தான் இருந்தது. ஆகவே இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். அடுத்த முட்டை நன்றாக வெந்திருந்தது. உப்புத் தொட்டுச் சாப்பிட்டேன். அப்புறம்தான் போய் அவனை எழுப்பினேன்.

"எந்திரி ராஜா, உன் முழுக்கு காத்துக்கிட்டிருக்கு."

ஓடிவந்து குதித்தான். ஆழம் இடுப்பு மட்டும்தான். கரையேறக் கை நீட்டினான். அந்த நேரம் பார்த்து எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, குனிய முடியவில்லை. நொயலீன்தான் இறங்கி இழுத்தாள். அவள் கைகளும் வெந்துபோயின. அது எனக்கு வருத்தம்தான்; அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. வாலை என் தட்டில் போட்டதும் அவள் இல்லை, அவன்தான்.

அவன் கால்களுக்குத் தோல் ஒட்ட வேண்டியிருக்குமாம். பிழைத்துக்கொள்வான் என்கிறார்கள். மறுபடி நடப்பானா என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் இல்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள். அதோடு இதையும் எழுதுங்கள்: திப்பெனே எனக்கு ஒரு மீன் தர வேண்டியிருக்கிறது.